செவ்வியல் நாடகங்களைப் புத்தகமாக வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் எத்தனை பக்கமானாலும் ஓடிவிடுகிறது. நாடகம் மட்டும் பத்துப் பக்கத்தில் நின்றுவிடுகிறதே, ஏன்?

நாவலாசிரியர் அறையை வர்ணிப்பார், முகம் வாடியதைச் சொல்வார், மனசுக்குள் ஓடுவதையும் சொல்லிவிடுவார். நாடகத்தில் நம் கைக்கு வருவது பேச்சு மட்டும்தான். யார் எங்கே நிற்கிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், பேசும்போது கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் நடிகர்கள் காட்டிவிடுவார்கள் என்று நம்பி எழுதப்பட்ட பிரதி அது. தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த வேலை முழுக்க வாசகர் தலையில் விழுகிறது. அதைச் செய்யாமல் நாவல் வேகத்தில் வசனத்தை ஓட்டினால், நான்காம் பக்கத்திலேயே யார் பேசுகிறார் என்பது கலங்கிப்போகும்.

ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் மூன்று விஷயங்களை மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது மேடையில் யார் யார்? இந்தக் காட்சியில் ஒவ்வொருவருக்கும் மற்றவரிடமிருந்து என்ன வேண்டும்? வாய் திறக்காமல் நிற்பவர் யார்? மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. நல்ல நாடகாசிரியர்கள் தங்கள் திறமையைக் கொட்டியிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எதில் தொடங்குவது?

சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி'யில். ஏறத்தாழ 1,350 வரிகள், ஒரே இடம், ஒரே நாளுக்குள் அடங்கும் நிகழ்வுகள். இறந்த அண்ணனைப் புதைக்கக் கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான், தங்கை புதைத்தே தீருவேன் என்கிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

இரண்டாவதாக 'மேக்பெத்'. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இதுதான், சுமார் 2,100 வரிகள். மூன்றாவதாக 1879இல் வந்த இப்சனின் 'பொம்மை வீடு'. மூன்று அங்கம், உரைநடைப் பேச்சு, ஒரே வீட்டுக்கூடம். இந்த மூன்றையும் முடித்தவருக்கு நாடகம் வாசிக்கும் பழக்கம் படிந்துவிடும். பெயர் பெரியது என்பதற்காக 'ஹாம்லெட்'டில் ஆரம்பிக்க வேண்டாம். கிட்டத்தட்ட 4,000 வரி நீளம். அதன் ருசியை முழுதாக எடுக்க இந்தப் பழக்கம் முதலில் கைவர வேண்டும்.

ஈடிபஸ் கதை மூன்று நாடகமாக வருகிறதே, அதை வரிசையாகத்தானே படிக்க வேண்டும்?

கதை வரிசைப்படி 'ஈடிபஸ் மன்னன்', 'கொலோனஸில் ஈடிபஸ்', 'ஆன்டிகனி' என்று ஒரே தொகுதியாக அச்சிடுகிறார்கள். அதனால்தான் முத்தொடர் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் மூன்றும் தனித்தனிக் காலங்களில் எழுதப்பட்டவை. கதையில் கடைசியாக வரும் 'ஆன்டிகனி' கி.மு. 441 வாக்கில் முதலில் வந்தது. 'கொலோனஸில் ஈடிபஸ்' சோஃபக்ளீஸ் இறந்த பிறகு, கி.மு. 401இல் மேடையேறியது. 'ஆன்டிகனி'யில் ஆணையிடும் அரசனான கிரியோன் மூன்றிலும் வருகிறான், ஆனால் மூன்றிலும் ஒரே குணம் உள்ள ஆளாக இல்லை. தொடராக நினைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். எந்த வரிசையிலும் படிக்கலாம்.

வரிசை மாறவே கூடாதது ஈஸ்கிலஸின் 'ஓரெஸ்டெயா'. கி.மு. 458இல் மேடையேறிய அது ஒன்றுதான் முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க முத்தொடர்.

ஒரு நாடகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

வாய்விட்டு வாசித்தால் மணிக்கு ஆயிரம் வரி என்பது நடைமுறைக் கணக்கு. 'ஆன்டிகனி' ஒன்றரை மணி நேரம், 'மேக்பெத்' இரண்டு மணிக்குச் சற்றே மேல், 'ஹாம்லெட்' நான்கு மணி. அடிக்குறிப்புகளையும் பார்த்துக்கொண்டு போனால் இரண்டு மடங்கு ஆகும்.

முக்கியம் நேரத்தின் அளவு அல்ல, எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. தினம் ஐந்து பக்கம் என்று பிரித்துக்கொண்டால் காட்சி நடுவில் அறுபடும், மேடையில் யார் இருந்தார் என்பது மறுநாள் நினைவிருக்காது. அங்கம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். ஐந்து அங்க நாடகத்தை மூன்று அமர்வாக வைத்துக்கொள்வது நல்லது: முதல் இரண்டு அங்கம், பிறகு மூன்றாவது மட்டும், கடைசியாக நான்கும் ஐந்தும். மூன்றாம் அங்கத்தில்தான் பெரும்பாலும் கதை திரும்பும், அதைத் தனியாகப் படிக்கக் கொடுக்கும் நேரம் வீணாகாது.

பெயர்கள் குழம்புகின்றன. ரஷ்ய நாடகம் என்றால் சுத்தமாகப் புரிவதில்லை.

ஒரு அட்டைத் துண்டில் பாத்திரப் பட்டியலைக் கையால் எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை அச்சில் இருக்கும் வரிசையில் எழுதாதீர்கள். பழைய பதிப்புகளில் அரசன், பிரபு, வேலைக்காரன் என்று அந்தஸ்துப்படி அடுக்கியிருப்பார்கள், பெண்களைக் கடைசியில் தள்ளியிருப்பார்கள். அதில் உறவு தெரியாது. குடும்பம் குடும்பமாக எழுதி, யார் யாருக்கு என்ன முறை என்று கோடு போடுங்கள்.

ரஷ்யப் பெயரில் நடுவில் வருவது தகப்பன் பெயர். செக்காவின் 'செர்ரித் தோட்ட'த்தில் லியுபோவ் அந்திரேயெவ்னா ரனேவ்ஸ்கயா என்ற அம்மாவும் லியோனித் அந்திரேயெவிச் காயெவ் என்பவரும் வருவார்கள். அந்திரேயெவ்னா என்றால் அந்திரேயின் மகள், அந்திரேயெவிச் என்றால் மகன். ஆக இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று பெயரே சொல்லிவிடுகிறது. முதற்பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்து அழைத்தால் மரியாதை, செல்லப்பெயரில் அழைத்தால் நெருக்கம். ஒருவருக்கு இருக்கும் எல்லாப் பெயர்களையும் அட்டையில் ஒரே வரியில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஷேக்ஸ்பியரில் மேடைக்குறிப்பே இல்லையே, காட்சியை எப்படிக் கற்பனை செய்வது?

குறிப்பு வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. 'மேக்பெத்' இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசனைக் கொன்றுவிட்டு மேக்பெத் வெளியே வருகிறான். ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சேர்த்து அச்சிட்ட 1623 பெருந்தொகுப்பில் அவன் வருகிறான் என்று மட்டும்தான் இருக்கிறது. கணவனும் மனைவியும் சத்தம் கேட்டதா, பேசியது யார் என்று துண்டு துண்டாகப் பேசிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ முப்பது வரி கழித்துத்தான் அவள், இந்தக் குத்துவாள்களை ஏன் அங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்கிறாள். காவலர்கள் பக்கத்தில் போட்டுவிட்டு வரவேண்டிய வாள்கள் அவை, பழி அவர்கள்மேல் விழ வேண்டும் என்பது திட்டம். அந்த முப்பது வரியும் இரத்தம் படிந்த வாள்கள் அவன் கையில்தான் இருந்திருக்கின்றன. அவனுக்கு அது உறைக்கவில்லை, அவளுக்கும் இருட்டில் உடனே கண்ணில் படவில்லை. இது தெரிந்தபின் காட்சியை முதலிலிருந்து மறுபடி படியுங்கள். ஒவ்வொரு வரியும் வேறு எடையில் விழும்.

ஆகவே காட்சியை ஒருமுறை படித்துவிட்டு, பொருள்களையும் உடல் அசைவுகளையும் பற்றிய சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். பிறகு அந்தப் பொருள் எப்போது மேடைக்கு வந்திருக்கும் என்று பின்னோக்கிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். காட்சித் தலைப்பில் கோட்டையின் ஓர் அறை, காட்டின் மற்றொரு பகுதி என்றெல்லாம் இருந்தால் நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. 1709இல் நிக்கோலஸ் ரோ கொண்டுவந்த பதிப்பு அதற்கு வழிபோட்டது. மூல மேடை பெரும்பாலும் வெறுமையானது. எல்லோரும் போய்விட்டால் காட்சி முடிந்தது, அடுத்து வருபவர் சொல்லும் இடம்தான் இடம். 'எக்ஸிட்' ஒருவர் போவது, 'எக்ஸியன்ட்' பலர் போவது, 'அசைட்' மற்றவர் காதில் விழாமல் பேசுவது, 'விதின்' என்றால் குரல் மேடைக்குப் பின்னாலிருந்து வருகிறது.

பேசாதவரைக் கவனிக்கச் சொல்கிறீர்கள். எழுதப்படாததை எப்படி வாசிப்பது?

யார் எப்போது வந்தார், போனாரா என்ற கணக்கு வைத்திருந்தால் போதும். ஹாம்லெட் அரசவைக் காட்சியில் தொடக்கத்திலிருந்தே நிற்கிறான். புதிய அரசன் தன் திருமணத்தைப் பற்றிப் பேசுகிறான், தூதர்களை அனுப்புகிறான், மந்திரி மகனுக்குப் பயண அனுமதி தருகிறான். அறுபதுக்கு மேற்பட்ட வரிகள் ஓடியபிறகே ஹாம்லெட்டின் முதல் வரி வருகிறது. சபையில் கடைசியாக விசாரிக்கப்படும் இளவரசன் அவன். அவன் வாய் திறக்கும் முன்பே அவன் நிலைமை நமக்குத் தெரிந்துவிடுகிறது.

'மெஷர் ஃபார் மெஷர்' முடிவில் கன்னித்துறவியாகப் போகவிருந்த இசபெல்லாவிடம் கோமகன் தன்னை மணக்கச் சொல்லி இருமுறை கேட்கிறான். அவளுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. சம்மதமா, திகைப்பா, மறுப்பா? இயக்குநர்கள் மூன்று விதமாகவும் செய்திருக்கிறார்கள். வாசகராக நீங்களும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்ததற்குக் காரணத்தை முந்தைய காட்சிகளிலிருந்து எடுத்துக்காட்ட முடிந்தால் நாடகத்தைச் சரியாக வாசித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

'ஆன்டிகனி'யில் மகன் இறந்த சேதியைக் கேட்டதும் தாய் யூரிடிகி ஒன்றும் பேசாமல் அரண்மனைக்குள் போய்விடுகிறாள். கோரஸ், அதாவது மேடையில் கூட்டாகப் பாடி ஆடும் குழு, அந்த மௌனத்தைக் கண்டு அஞ்சுகிறது. கிரேக்க நாடகத்தில் சாவு பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடந்து, சேதியாளன் வந்து சொல்வான். எனவே ஒருவர் பேசாமல் உள்ளே போனால் உஷாராகிவிடுங்கள்.

கோரஸ் பகுதிகளைத் தாண்டிப் போகலாமா?

வேண்டாம். கோரஸ் பாட்டு அலுப்பதற்குக் காரணம் அதைத் தகவலாகப் படிப்பது. அது பாடி ஆடப்பட்டது, சோஃபக்ளீஸ் காலத்தில் 15 பேர். இரண்டிரண்டு பத்திகள் ஒரே சந்தத்தில் ஜோடியாக வரும். வாய்விட்டுப் படியுங்கள். படிக்கும்போது ஒரே கேள்வி: சென்ற பாட்டில் யார் பக்கம் நின்றார்கள், இப்போது யார் பக்கம்? 'ஆன்டிகனி'யில் அரசனுக்குப் பணிந்து வரும் பெரியவர்கள், கடைசியில் அவளை விடுவிக்கும்படி அவனிடமே சொல்கிறார்கள். அந்த நகர்வு பிடிபட்டால் பாட்டில் வரும் புராணப் பெயர்கள் முழுதும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கணும்? கதைச்சுருக்கத்தை முதலில் பார்த்தால் ருசி போய்விடாதா?

போகாது. ஏதென்ஸ் பார்வையாளர்களுக்கு ஈடிபஸ் யார் என்பது ஏற்கெனவே தெரியும். அவனுக்குத் தெரியாது என்பதுதான் நாடகம்.

காளிதாசனின் 'சாகுந்தலம்' இதற்குப் பொருத்தமான பாடம். நீ நினைத்துக்கொண்டிருப்பவன் உன்னை மறந்துவிடுவான் என்ற துர்வாசர் சாபம் நான்காம் அங்கத்தில் விழுகிறது. சகுந்தலை வேறு நினைவில் இருந்ததால் அவள் காதில் அது விழவில்லை. தோழிகள் அனசூயைக்கும் பிரியம்வதைக்கும் மட்டுமே தெரியும், அவர்கள் அவளிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள், அரண்மனைக்கும் கூடப் போகவில்லை. ஐந்தாம் அங்கத்தில் அவளை மணந்த அரசன் துஷ்யந்தன் இவளை யாரென்றே தெரியாது என்று சொல்லும்போது, மேடையில் நிற்கும் ஒருவருக்கும் காரணம் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். அவன் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. சாபம் தெரியாமல் இந்தக் காட்சியைப் படித்தால் வெறும் வஞ்சகனும் அப்பாவியுமாகச் சுருங்கிவிடும்.

ஆகவே சுருக்கம் தாராளமாகப் படிக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

எந்தப் பதிப்பு வாங்குவது?

முதலில் அது நாடகம்தானா என்று திறந்து பாருங்கள். 1807இல் சார்லஸ் லாம், மேரி லாம் எழுதிய கதைவடிவம்போல, நாடகத்தின் பெயரைத் தாங்கிய உரைநடைக் கதைகள் நிறைய உண்டு. அவை நல்ல கதைகள், ஆனால் நாடகம் அல்ல. சுருக்கப் பதிப்பு என்று சிறு எழுத்தில் போட்டிருப்பதையும் தேடுங்கள்.

அடுத்து, வரி எண் இருக்க வேண்டும். ஐந்து அல்லது பத்து வரிக்கு ஒரு எண் ஓரத்தில் இருந்தால்தான் குறிப்பெடுக்கவும் வேறு பதிப்போடு ஒப்பிடவும் முடியும். குறிப்புகள் அதே பக்கத்திலோ எதிர்ப்பக்கத்திலோ இருக்கட்டும். புத்தகக் கடைசியில் இருந்தால் இரண்டாம் அங்கத்திலேயே புரட்டிப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள்.

ஷேக்ஸ்பியர் என்றால் எந்த மூலம் என்பதும் முக்கியம். 'ஹாம்லெட்' மூன்று வடிவில் கிடைக்கிறது: 1603இல் வந்த சிறிய பிரதி சுமார் 2,200 வரி, 1604–05இல் வந்தது சுமார் 3,800 வரி, பிறகு 1623 பெருந்தொகுப்பு. நான்காம் அங்கத்தில் படை நகர்வதைப் பார்த்து ஹாம்லெட் தன்னைக் கடிந்துகொள்ளும் நீண்ட தனிமொழி 1604–05 பிரதியில் உண்டு, பெருந்தொகுப்பில் இல்லை. 'லியர் மன்ன'னிலும் இப்படித்தான். 1608 பிரதியில் சுமார் 300 வரிகள் அதிகம். மனம் பேதலித்த லியர் மகள்களை விசாரணை செய்யும் காட்சி அதில்தான் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் அது காணோம் என்றால் அச்சுப்பிழை இல்லை, மூலம் வேறு. முன்னுரையில் எதை அடிப்படையாகக் கொண்டது என்று சொல்லியிருப்பார்கள்.

நல்ல மொழிபெயர்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

சண்டைக் காட்சி ஒன்றைத் தேர்ந்து ஒரு பக்கம் உரக்க வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் மேடைக்கு ஆகாத மொழிபெயர்ப்பு. அரசனும் காவல்காரனும் ஒரே நடையில் பேசினாலும் எடுக்க வேண்டாம். 'ஆன்டிகனி'யின் காவலன் பயத்தில் வளவளவென்று பேசுபவன், அவன் வாயில் காப்பிய நடை வந்தால் ஏதோ தவறியிருக்கிறது. எந்த மொழியிலிருந்து பெயர்த்தது என்பதையும் உரிமைப் பக்கத்தில் பாருங்கள். வேறொரு மொழி வழியாக வந்ததென்றால் இரண்டு பேருடைய தேர்வுகளைக் கடந்துதான் மூலம் உங்களிடம் வருகிறது.

சமஸ்கிருத நாடகத்தில் தவிர்க்க முடியாத ஓர் இழப்பு உண்டு. அரசன் சமஸ்கிருதம் பேசுவான், சகுந்தலையும், அரசனின் கோமாளித் தோழனான விதூஷகனும் பிராகிருதம் பேசுவார்கள். மொழிபெயர்ப்பில் எல்லாம் ஒன்றாகிவிடும். அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் யார் எந்த மொழி என்று குறித்து வைத்துக்கொண்டால் அந்தத் தூரம் மனசில் நிற்கும்.

அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் பார்க்கணுமா?

முதல் வாசிப்பில் கூடாது. காட்சியை நிறுத்தாமல் முடித்துவிட்டு, பிறகு குறிப்போடு மறுபடி படியுங்கள். இடையில் ஒரு வாக்கியத்தின் பொருள் தெரியாமல் கதையே அறுந்தால் மட்டும் பார்க்கலாம்.

செய்யுள் நாடகத்தை உரக்கப் படிக்கும்போது இயல்பாக வருவதில்லையே?

வரி முடிந்த இடத்திலெல்லாம் நிறுத்துவதால்தான். நிறுத்தற்குறி இருக்கும் இடத்தில் நில்லுங்கள், பொருள் அடுத்த வரிக்குள் ஓடினால் குரலும் ஓடட்டும். ஒரே வரியை இரண்டு பேர் பங்கிட்டுப் பேசுவதாக அச்சில் உள்தள்ளி இருந்தால் நடுவில் இடைவெளி கூடாது, முதலாமவர் வாய் மூடும்முன் இரண்டாமவர் பிடிக்க வேண்டும். செய்யுளில் பேசியவர் திடீரென்று உரைநடைக்கு மாறினால் ஓரத்தில் குறியிடுங்கள். மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடக்கும் காட்சியில் பேசுவது முழுக்க உரைநடை. முன்பு அத்தனை கட்டாகச் செய்யுள் பேசியவள் அவள்.

நண்பர்கள் சேர்ந்து பங்கு பிரித்து வாசிக்க ஆசை. எத்தனை பேர் வேண்டும்?

'ஆன்டிகனி'க்கு நான்கு பேர் போதும். பேசும் பாத்திரங்கள் எட்டு. ஆனால் சோஃபக்ளீஸ் மூன்றே நடிகர்களுக்காக எழுதியிருக்கிறார், நான்காமவர் கோரஸ் வாசிக்கலாம். காவலன் ஆன்டிகனியைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போன பிறகுதான் தங்கை இஸ்மினி வருகிறாள், ஆகவே அந்த இரண்டு பங்கையும் ஒருவரே எடுக்கலாம். 'மேக்பெத்'துக்கு ஏழெட்டுப் பேர்.

ஒரு தாளில் பாத்திரங்களைக் கீழாகவும் காட்சிகளைக் குறுக்காகவும் எழுதி, யார் எதில் பேசுகிறார் என்று புள்ளி வையுங்கள். ஒரே காட்சியில் புள்ளி மோதாத இரண்டு பாத்திரங்களை ஒருவரிடம் கொடுக்கலாம். 'மேக்பெத்'தில் டங்கன் முதல் அங்கத்தோடு முடிந்துவிடுகிறார். அவரை வாசித்தவர் பிறகு வாயிற்காவலனையும் மருத்துவரையும் எடுத்துக்கொள்ளலாம். மக்டஃபின் மனைவி ஒரே காட்சியில்தான் பேசுகிறாள், சூனியக்காரிகளில் ஒருவரை வாசித்தவருக்கு அது பொருந்தும்.

மேடைக்குறிப்பு வாசிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். இதை விட்டால் யார் வந்தார், யார் செத்தார் என்றே கேட்பவர்களுக்குத் தெரியாது. எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு என்றால் பத்தாவது நிமிஷத்தில் வரி பிசகிவிடும். பங்குகளை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய பங்கை இரண்டு பேருக்குப் பிரிப்பதென்றால் அங்கம் முடியும் இடத்தில் மாற்றுங்கள். நடித்துக் காட்ட வேண்டியதில்லை, தெளிவாகவும் விறுவிறுப்பாகவும் வாசித்தாலே போதும்.

செக்காவில் ஒன்றுமே நடப்பதில்லையே?

நடக்கிறது, பேச்சுக்கு அடியில். 'செர்ரித் தோட்டம்' கடைசி அங்கத்தில் வியாபாரி லோபாகின் ரனேவ்ஸ்கயாவின் வளர்ப்பு மகள் வார்யாவைத் திருமணத்துக்குக் கேட்கப்போகிறான் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் சாமான்களுக்கு நடுவே எதையோ தேடுகிறாள். அவன் குளிரைப் பற்றிச் சொல்கிறான், அவள் வெப்பமானி உடைந்துவிட்டது என்கிறாள். வெளியிலிருந்து யாரோ கூப்பிட, அவன் காத்திருந்தவன்போல ஓடிவிடுகிறான். அவள் உட்கார்ந்து அழுகிறாள். திருமணப் பேச்சு ஒரு சொல்கூட வரவில்லை, அந்த வாழ்க்கை அங்கேயே முடிந்துவிட்டது. செக்காவ் இடைநிறுத்தம் என்று குறிப்பிடும் இடத்தில் உண்மையிலேயே மூன்று விநாடி நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

அவர் இதை நகைச்சுவை நாடகம் என்றுதான் அழைத்தார். 1904இல் மேடையேற்றிய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி துன்பியலாகப் பார்த்தார். இரண்டும் பொருந்தும் பிரதி அது, முதல் வாசிப்பில் செக்காவ் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

திரைப்படமாகப் பார்த்துவிட்டால் போதாதா?

படத்தில் வசனம் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். படித்த பிறகு பாருங்கள், எதை வெட்டினார்கள் என்று கவனிப்பதே நல்ல பயிற்சி.

தமிழில் இந்த முறையில் படிக்க என்ன இருக்கிறது?

பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்', 1891. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் எழுதிய கதைப்பாட்டு ஒன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களில், பெரும்பாலும் ஆசிரியப்பாவில் எழுதப்பட்டது. படிப்பதற்கென்றே எழுந்த நாடகம் என்பதால் வாசகருக்கு ரொம்பத் தோது. சந்தி பிரித்த பதிப்பாக எடுங்கள், இல்லையென்றால் உரக்க வாசிக்கும் ஓட்டம் தடைபடும்.

'சிலப்பதிகாரம்' காப்பியம்தான், ஆனால் வழக்குரை காதையை மட்டும் எடுத்து மூன்று நான்கு பேர் பங்கு பிரித்து வாசித்துப் பாருங்கள். வாயிலோன் ஓடிவந்து கண்ணகியின் கோலத்தைச் சொல்வது, அரசன் நீ யார் என்று கேட்பது, தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைபட்ட சிலம்பிலிருந்து மணி தெறிக்கும் வரை பேச்சு விடாமல் ஏறுகிறது. காதையின் தொடக்கத்தில் தன் தீக்கனவைச் சொல்லும் கோப்பெருந்தேவி, வழக்கு தொடங்கியது முதல் மணி தெறிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். அரங்கேற்று காதையில் மேடை அளவே இருக்கிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, உயரம் ஒன்று, வாயில் இரண்டு. கற்பனை மேடை வரைய விரும்புகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒன்றை முடித்தபின் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அதே ஆசிரியரில் தொங்க வேண்டாம், அதே கதையின் இன்னொரு வடிவத்துக்குப் போங்கள். தந்தைக்காகத் தாயைக் கொன்ற ஓரெஸ்டிஸ் கதையை ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிபிடீஸ் மூவரும் எழுதியிருக்கிறார்கள், மூன்றும் கிடைக்கின்றன. மூன்றிலும் அக்கா எலெக்ட்ரா தம்பியை எந்த அடையாளத்தால் கண்டுகொள்கிறாள் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். ஈஸ்கிலஸில் மயிர்க்கற்றை, காலடித்தடம், நெய்த துணி. யூரிபிடீஸில் அதே மூன்றையும் ஒரு முதியவர் சொல்ல, எலெக்ட்ரா ஒவ்வொன்றாக மறுக்கிறாள்: ஆணின் கால் எப்படிப் பெண்ணின் காலளவுக்குப் பொருந்தும், சிறுவயதுத் துணி இப்போது எப்படி உடம்பில் ஏறும் என்று. கடைசியில் புருவத்தருகே உள்ள தழும்பைப் பார்த்துத்தான் நம்புகிறாள். சோஃபக்ளீஸில் தகப்பனின் முத்திரை மோதிரம். இந்த மூன்று காட்சிகளையும் அடுத்தடுத்துப் படிக்க ஒரு மாலை போதும்.